ராத்திரி வரும் நெஞ்சு வலி: மாரடைப்புச் சிகிச்சையில் நேரத்தின் பங்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு பகலில் வந்தால் ஒரு மாதிரியும் இரவில் வந்தால் வேறு மாதிரியும் சிகிச்சை கிடைக்குமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஓரளவு ஆமாம் என்பதுதான் பதில். ஆனால் அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகு நடப்பதில்லை, வீட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். இதைப் படிக்கும் இந்த நிமிடத்தில் உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ நெஞ்சு வலி இருந்தால், படிப்பதை விட்டுவிட்டு உங்கள் பகுதி ஆம்புலன்ஸ் எண்ணுக்கு போன் போடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலிக்கிறது. விடிந்ததும் போகலாமா?

கூடாது. ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். இரவில் போனால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் அடைப்பைத் திறக்க ஆஸ்பத்திரிக்குப் பகலைவிடக் கூடுதலாக ஆகும் நேரம், ஆய்வுகளின்படி, சராசரியாக 15 முதல் 20 நிமிடம். 2 மணிக்கு வந்த வலியைப் பொறுத்துக்கொண்டு 7 மணிக்குக் கிளம்பினால் போவது 300 நிமிடம். அந்த 300 நிமிடமும் இதயத் தசை ரத்தம் இல்லாமல் செத்துக்கொண்டே இருக்கும்.

ராத்திரியில் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். தூக்கம் கலைகிறது, நெஞ்சில் ஒரு அழுத்தம், உடம்பு வேர்க்கிறது. எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்கிறார். வாயுவாக இருக்கும் என்று மாத்திரை ஒன்றைப் போடுகிறார், தண்ணீர் குடிக்கிறார், பக்கத்தில் தூங்குபவரை எழுப்ப மனமில்லாமல் கூடத்தில் போய் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். அரை மணி நேரம் பார்ப்போம் என்று ஆரம்பித்தது மூன்று மணி நேரமாகிவிடுகிறது. மனைவியோ மகனோ எழுந்து பார்க்கும்போது சட்டை முழுக்க நனைந்திருக்கும். எழுப்பியிருந்தால் அவர்கள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தயவுசெய்து எழுப்புங்கள்.

"இப்போ போனால் டூட்டி டாக்டர் மட்டும்தான் இருப்பார், காலையில் பெரிய டாக்டர் வந்துவிடுவாரே" என்ற யோசனையும் பலருக்கு வரும். டூட்டி டாக்டர் அங்கே இருப்பதே ஈசிஜி எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அந்தப் பெரிய டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்குத்தான்.

மாரடைப்பு எந்த நேரத்தில் அதிகமாக வருகிறது?

காலை 6 மணிக்கும் மதியம் 12 மணிக்கும் இடையில். இது 1985-லேயே அமெரிக்க ஆய்வொன்றில் தெளிவாகத் தெரிந்த விஷயம். நோயாளி சொல்லும் நேரத்தை மட்டும் நம்பாமல், தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் நொதியின் அளவை வைத்து மாரடைப்பு தொடங்கிய நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். காலை 9 மணி வாக்கில் உச்சம், இரவு 11 மணி வாக்கில் மிகக் குறைவு, இரண்டுக்கும் சுமார் மூன்று மடங்கு வித்தியாசம். பிறகு 1997-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாளின் மற்ற நேரங்களைவிட காலை 6 முதல் 12 வரை மாரடைப்பு அபாயம் சுமார் 40 சதவீதம் கூடுதல் என்று வந்தது.

ஏன் காலையில்?

விழிக்கும் நேரத்தில் உடம்பு தன்னை வேலைக்குத் தயார்படுத்துகிறது. கார்ட்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறுகின்றன, ரத்தக் குழாய்கள் கொஞ்சம் இறுகுகின்றன. படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் என்ற நுண் அணுக்களின் ஒட்டும் தன்மை கூடுகிறது. அதே நேரத்தில், ரத்தக் கட்டியைத் தானாகவே கரைக்கும் உடம்பின் ஏற்பாட்டைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதம் காலையில்தான் அதிகமாக இருக்கும். ஆக, கட்டி உருவாக வாய்ப்பு அதிகம், உருவானது கரைய வாய்ப்பு குறைவு. குழாய்க்குள் ஏற்கெனவே மெல்லிய மூடியோடு ஒரு கொழுப்புப் படிவு இருப்பவருக்கு, அந்த மூடி கிழிய இதைவிட மோசமான நேரம் இல்லை.

இதை மருந்துகளே நிரூபித்திருக்கின்றன. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களிடம் இந்தக் காலை உச்சம் மழுங்கிப்போகிறது, ஆஸ்பிரின் எடுத்தவர்களிடமும் அப்படியே பார்த்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்து நோயாளிகள் 811 பேரை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், காலையில் தொடங்கிய மாரடைப்புகளில் சேதமடைந்த தசையின் அளவு, மாலையிலிருந்து நள்ளிரவுவரை தொடங்கியவற்றைவிட, பெரிதாக இருந்தது. இதயச் செல்களுக்குள்ளும் ஒரு உயிர்க் கடிகாரம் ஓடுகிறது, ரத்தம் கிடைக்காமல் தாக்குப்பிடிக்கும் திறன் நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்பது ஒரு விளக்கம். ஆர்வமூட்டும் விஷயம்தான், ஆனால் இதை வைத்து நீங்களோ நானோ செய்யக்கூடியது எதுவும் இல்லை. மாரடைப்பு வரும் நேரத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது.

அப்படியானால் ராத்திரி வரும் வலி வாயுவாகத்தான் இருக்குமா?

இல்லவே இல்லை. குறைவு என்றால் வராது என்று பொருளாகாது. அதோடு சிலருக்கு இந்தக் காலைக் கணக்கே பொருந்தாது. நீண்டகால சர்க்கரை நோயாளிகளிடம் நரம்புகள் பாதிக்கப்படுவதால் காலை உச்சம் அவ்வளவாகத் தெரிவதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்கள் விஷயம் இன்னும் தீவிரம். 2008-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், இந்தப் பிரச்சினை உள்ளவர்களின் மாரடைப்புகளில் 32 சதவீதம் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை நடந்திருக்கிறது. இல்லாதவர்களிடம் அது 7 சதவீதம்தான். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு அடைத்து, திடுக்கென்று விழித்துக்கொள்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்போது அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், கை, தோள், தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் – இவை எந்த மணிக்கு வந்தாலும் ஒன்றுதான். பெண்கள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுத் திணறலுமாகக்கூட வரும்.

பகலுக்கும் இரவுக்கும் ஆஸ்பத்திரிக்குள் உண்மையில் என்ன வித்தியாசம்?

ஆள்தான் வித்தியாசம்.

முழு அடைப்பால் வரும் மாரடைப்புக்கு, அதாவது ஈசிஜியில் எஸ்டி பகுதி உயர்ந்து தெரியும் ஸ்டெமி வகைக்கு, முதல் சிகிச்சை உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி. கையிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய கம்பியை அனுப்பி, அடைப்பைக் கடந்து, பலூனால் திறந்து, குழாய் மறுபடி மூடாமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைப்பார்கள். இதற்குக் கேத் லேப், அதாவது எக்ஸ்ரேயில் குழாயைப் பார்த்துக்கொண்டே இந்த வேலையைச் செய்யும் அறை, வேண்டும், இதய டாக்டர் வேண்டும், நர்ஸ் வேண்டும், எக்ஸ்ரே கருவியையும் திரையில் ஓடும் அளவுகளையும் பார்த்துக்கொள்ள டெக்னீஷியன் வேண்டும். பகலில் இவர்கள் எல்லாரும் அதே தளத்திலேயே இருப்பார்கள், அடுத்த கேஸுக்கு விரித்துவைத்த மேஜை உங்களுக்குக் கிடைத்துவிடும்.

இரவில் பல ஆஸ்பத்திரிகளில் கேத் லேப் பூட்டியிருக்கும், விளக்கு அணைந்திருக்கும். நீங்கள் உள்ளே வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும். இது இரவு பகல் பார்க்காத விதி. காகிதத்தில் அந்த உயர்வைப் பார்த்ததும் டூட்டி டாக்டர் போனை எடுக்கிறார். அந்த ஒரு அழைப்பில் நாலைந்து வீடுகளில் விளக்கு எரிகிறது. ஒருவர் முகம் கழுவிக்கொண்டு கார் சாவியைத் தேடுகிறார், இன்னொருவர் ஏற்கெனவே சாலையில் இருக்கிறார். முதலில் வந்து சேர்பவர் கதவைத் திறந்து எக்ஸ்ரே கருவியை உயிர்ப்பிக்கிறார், அது தயாராகச் சில நிமிடங்கள் ஆகும். இதற்குள் கீழே உங்களுக்கு ஆஸ்பிரினும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மற்ற மருந்துகளும் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருப்பார்கள். கடைசி ஆள் உள்ளே வரும்வரை ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் யுகமாக இருக்கும். "ஏன் இன்னும் உள்ளே கூட்டிப் போகவில்லை" என்று அவர்கள் நர்ஸிடம் கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடைவெளிதான். அந்த நேரத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை.

பெரிய மையங்கள் சிலவற்றில் முழுக் குழுவும் 24 மணி நேரமும் உள்ளேயே இருக்கும். அங்கே இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

இதற்கு எண்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. 2005-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததிலிருந்து பலூன் விரியும்வரை ஆன நேரம் வேலை நேரத்தில் சுமார் 95 நிமிடம், இரவிலும் வார இறுதியிலும் 116 நிமிடம். ஈசிஜி எடுத்துக் கேத் லேப் போய்ச் சேரும் கட்டத்தில்தான் அந்த நேரம் போனது: பகலில் 49, மற்ற நேரத்தில் 70. அதாவது நான் மேலே சொன்ன கார் சாவி தேடும் கட்டம்.

2014-இல் 48 ஆய்வுகளையும் சுமார் 19 லட்சம் நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். வேலை நேரத்துக்கு வெளியே வந்த ஸ்டெமி நோயாளிகளுக்குச் சுமார் 15 நிமிடம் தாமதம். எல்லா வகை மாரடைப்பையும் சேர்த்தால் மரண வாய்ப்பு ஒப்பீட்டளவில் 6 சதவீதம் கூடுதல். ஒப்பீட்டளவில் என்பதைக் கவனியுங்கள், 100 பேரில் 10 பேர் இறக்கும் சூழ்நிலையில் அது பத்தரையைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இது அற்பம் என்று சொல்ல மாட்டேன், அந்த அரை ஆளும் ஒரு குடும்பத்தின் ஆள்தான். ஆனால் "ராத்திரி போனால் செத்துவிடுவோம்" என்று பயப்படும் அளவு வித்தியாசம் கிடையாது.

இன்னொரு எளிய கணக்கு: வாரத்தில் 168 மணி நேரம். திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு 10 மணி நேரம் முழு வேலை நேரம் என்று வைத்தால் 50 மணிதான் வருகிறது. மீதி 118 மணி, அதாவது 70 சதவீதம், "வேலை நேரத்துக்கு வெளியே". இதய மருத்துவத்தில் இது விதிவிலக்கு நேரம் கிடையாது, பெரும்பாலான நேரமே இதுதான்.

சரி, 20 நிமிடம் தாமதமானால் இதயத்துக்கு என்ன ஆகும்?

தமனி முழுசாக அடைபட்டு சுமார் 20 நிமிடம் கழிந்ததும் தசைச் செல்கள் மீள முடியாதபடி சாகத் தொடங்குகின்றன. 1970-களில் நாய்களின் இதயத்தில் செய்த சோதனைகளில், இந்தச் சாவு இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி அலைபோல வெளிப்பக்கம் நகர்வதைப் பார்த்தார்கள். சுமார் 6 மணி நேரத்தில் காப்பாற்ற மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். மனிதர்களில் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்து வந்து தசையை நீண்ட நேரம் தாங்கிப் பிடிக்கும், சிலருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நெதர்லாந்தில் 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அறிகுறி தொடங்கியதிலிருந்து அடைப்பு திறக்கும்வரை கூடும் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் ஒரு வருடத்துக்குள் இறக்கும் அபாயம் ஒப்பீட்டளவில் 7.5 சதவீதம் ஏறியது. கவனியுங்கள், கடிகாரம் அறிகுறி தொடங்கியதும் ஓடத் தொடங்குகிறது. வாசலில் நுழைவதற்காக அது காத்திருப்பதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2006-இலிருந்து அமெரிக்க ஆஸ்பத்திரிகள் வாசல்–பலூன் நேரத்தைக் குறைக்க உயிரைக் கொடுத்து வேலை செய்தன. டூட்டி டாக்டரே ஒரே போனில் முழுக் குழுவையும் எழுப்பலாம், குழு 20–30 நிமிடத்தில் வந்து சேர வேண்டும், ஆம்புலன்ஸிலிருந்தே ஈசிஜி அனுப்பலாம் என்று பல மாற்றங்கள். 2005-இல் 96 நிமிடமாக இருந்த இடைநிலை நேரம் (பாதிப் பேருக்கு இதற்குள் முடிந்துவிடும் நேரம்) 2010-இல் 64 ஆனது. அருமையான சாதனை. ஆனால் வேறு பதிவுகளை வைத்து 2013-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, 2005-க்கும் 2009-க்கும் இடையில் அந்த நேரம் 83-இலிருந்து 67 நிமிடமாகக் குறைந்தும் ஆஸ்பத்திரியில் இறப்பவர்களின் விகிதம் 4.8 சதவீதத்திலிருந்து 4.7-க்குத்தான் வந்தது என்று காட்டியது. பின்னால் நோயாளிகளின் வகை மாறியதும் ஒரு காரணம் என்று விளக்கினார்கள். என் பார்வையில் இன்னொரு காரணமும் பளிச்சென்று தெரிகிறது: வாசலுக்கு உள்ளே மிச்சம் பிடித்த 16 நிமிடத்தை, வாசலுக்கு வெளியே நாம் மணிக்கணக்கில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்தில் கேத் லேப் இல்லை. இரவில் என்ன செய்வார்கள்?

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். டெனெக்டிபிளேஸ் போன்றவற்றை நரம்பில் ஒரே தடவையாகச் செலுத்திவிடலாம், குழு எதுவும் கூட வேண்டியதில்லை, அதனால் இரவு பகல் வித்தியாசம் இதில் இல்லை என்றே சொல்லலாம். மேலே சொன்ன 2005 ஆய்விலேயே ஊசி போட ஆன நேரம் பகலில் 33 நிமிடம், மற்ற நேரத்தில் 34. ஒரே ஒரு நிமிடம்!

விதி இதுதான்: ஈசிஜியில் உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியாது என்றால், ஊசியை உடனே போட்டுவிட்டு, பிறகு பெரிய மையத்துக்கு மாற்ற வேண்டும். முதல் சில மணி நேரத்தில் ஊசி நன்றாக வேலை செய்யும், நேரம் போகப்போகக் கட்டி இறுகிவிடும். 1988-இல் முடிவு வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள். ஊசியும் ஆஸ்பிரினும் சேர்ந்து, இரண்டும் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், மரணத்தை 42 சதவீதம் குறைத்தன. ஆகவே சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறோம் என்று சொன்னால் அதை இரண்டாந்தரச் சிகிச்சை என்று நினைத்து வாக்குவாதம் செய்து நேரத்தை ஓட்டாதீர்கள். மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் சுமார் 100-இல் ஒருவருக்கு உண்டு. முன்பு மூளையில் கசிவு வந்தவர்கள், அண்மையில் பெரிய ஆபரேஷன் ஆனவர்கள் போன்றோருக்கு இதைப் போட மாட்டார்கள். அப்படி ஏதாவது இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் என்றால்?

ஏறக்குறைய இரவு மாதிரிதான். நியூ ஜெர்சி மாநிலத்தில் 1987 முதல் 2002 வரை வந்த 2,31,164 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், அவர்கள் எடுத்துக்கொண்ட கடைசி நான்கு ஆண்டுகளில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் வார இறுதியில் 12.9 சதவீதம், வார நாட்களில் 12 சதவீதம். வார இறுதியில் ஆஞ்சியோ (சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் இதயக் குழாய்களைப் பார்ப்பது) போன்றவை குறைவாகச் செய்யப்பட்டதுதான் காரணமாகத் தெரிந்தது.

பண்டிகை நாளில் மாரடைப்பே கூடுதலாக வருகிறது என்பது தனிக் கதை. ஸ்வீடனில் 1998–2013 பதிவுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அபாயம் 37 சதவீதம் கூடுதல், அதுவும் இரவு 10 மணி வாக்கில் உச்சம். கூட்டமாக இருக்கும் வீட்டில் "விருந்தைக் கெடுக்க வேண்டாம்" என்று வலியை மறைப்பவர்கள் உண்டு. மறைக்காதீர்கள்.

தூக்கக் கலக்கத்தில் வரும் டாக்டர் சரியாகச் செய்வாரா?

நியாயமான பயம். ஆனால் மொத்தத்தில் பார்த்தால் நேரம் போவது குழு கூடுவதற்குள்தான், டாக்டரின் கையில் இல்லை. கம்பி குழாய்க்குள் போனபிறகு நடப்பது அவர்கள் நூற்றுக்கணக்கான தடவை செய்த அதே வேலை. என்னைக் கேட்டால், இரவில் கவலைப்பட வேண்டிய இடம் வார்டுதான். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குத் திடீரென்று இதயம் நின்றுபோகும் நிகழ்வுகளை வைத்து 2008-இல் வந்த அமெரிக்க ஆய்வில், உயிர் பிழைத்து வீடு திரும்பியவர்கள் பகல், மாலை நேரத்தில் 19.8 சதவீதம், இரவில் 14.7 சதவீதம். கண்காணிக்கும் கண்கள் இரவில் குறைவு என்பது ஒரு முக்கியமான காரணமாகச் சொல்லப்படுகிறது. மாரடைப்பு நோயாளியை மானிட்டர் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பது அதற்காகத்தான்.

"மாரடைப்புதான், ஆனால் ஆஞ்சியோ காலையில் செய்கிறோம்" என்கிறார்கள். அலட்சியமா?

பெரும்பாலும் இல்லை. எஸ்டி உயராத வகை மாரடைப்பு ஒன்று இருக்கிறது. அதில் குழாய் முழுதாக அடைபடாமல் இருக்க வாய்ப்பு அதிகம். வலி நின்று, ரத்த அழுத்தமும் துடிப்பும் நிலையாக இருந்தால் மருந்து கொடுத்துக் கண்காணித்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்வது வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டதே. ஆனால் மருந்துக்கும் வலி நிற்கவில்லை, ரத்த அழுத்தம் இறங்குகிறது, மூச்சு வாங்குகிறது, ஆபத்தான துடிப்பு வருகிறது என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது, 2 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அதனால் "எந்த வகை மாரடைப்பு? ஈசிஜியில் எஸ்டி உயர்ந்திருக்கிறதா?" என்று அமைதியாகக் கேளுங்கள். வலி திரும்ப வந்தால் நர்ஸ் அடுத்த சுற்று வரும்வரை பொறுக்காமல் உடனே கூப்பிட்டு மறுபடியும் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் ஈசிஜி நார்மல் என்று சொல்லி அனுப்பப் பார்க்கிறார்கள்.

ஒரு ஈசிஜியை வைத்து மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தால் தவறவிடலாம். 1 முதல் 3 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பது அதற்குத்தான். மறுபரிசோதனை எப்போது என்று கேட்டுவிட்டு அங்கேயே இருங்கள்.

ராத்திரியில் சாலை காலியாக இருக்கும். சொந்தக் காரில் போனால் சீக்கிரம் போகலாமே?

சக்கரம் வேகமாக ஓடும், சிகிச்சை வேகமாகத் தொடங்காது. மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வெண்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை. அதற்கு ஒரே மருந்து மின் அதிர்ச்சி. ஆம்புலன்ஸில் டிஃபிப்ரிலேட்டர் இருக்கும், உங்கள் காரின் பின்சீட்டில் இருக்காது. அதோடு ஆம்புலன்ஸிலேயே ஈசிஜி எடுத்து முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குச் சொல்லும் வசதி இருந்தால், நீங்கள் வழியில் இருக்கும்போதே கேத் லேப் குழுவும் வழியில் இருக்கும். இரவுத் தாமதத்தைத் துடைத்தெறிய இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆம்புலன்ஸ் வரவே வராது, அல்லது வர ரொம்ப நேரமாகும் என்றால் மட்டும் வேறொருவர் ஓட்டட்டும். வலி உள்ளவர் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

வண்டி வரும்வரை என்ன செய்ய வேண்டும்?

நடக்க விடாமல் உட்கார வையுங்கள், படி ஏறி இறங்க விடாதீர்கள். அவசர உதவி எண்ணில் பேசுபவர் சொன்னால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யுங்கள். மென்றால்தான் சீக்கிரம் வேலை செய்யும். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றில் ரத்தக் கசிவு இருந்தால் கொடுக்கக் கூடாது. முதுகைக் கிழிப்பது போன்ற திடீர் வலி என்றால் அதையும் போனில் சொல்லுங்கள், அது பெருந்தமனி கிழிசலாக இருக்கலாம். வாசல் விளக்கைப் போடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், தினமும் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் அள்ளிப் போடுங்கள். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்குங்கள், ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் வசதி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வலி வந்தபிறகு தேடாதீர்கள். வீட்டில் இதய நோயாளி, சர்க்கரை நோயாளி, புகைபிடிப்பவர் யாராவது இருந்தால் இந்த வாரமே ஒரு பகல் நேரத்தில் விசாரியுங்கள். "கேத் லேப் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஞாயிறு ராத்திரி 3 மணிக்கு ஸ்டெமி வந்தால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்வீர்களா, குழு உள்ளேயே இருக்குமா, வெளியிலிருந்து வருமா, வர எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். தெளிவான பதில் வரும் இடத்தின் பெயரையும் எண்ணையும் எல்லாருடைய போனிலும் பதிந்து வையுங்கள். இருந்தாலும், ஆம்புலன்ஸ் ஊழியர் வேறு இடத்துக்குப் போகலாம் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள், அன்றைக்கு எங்கே தயாராக இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

பிரஷர் மாத்திரையை இரவில் சாப்பிட்டால் காலை மாரடைப்பைத் தடுக்கலாமா?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடந்து 2022-இல் முடிவு வந்த டைம் ஆய்வில், காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. மறக்காமல் சாப்பிட எந்த நேரம் வசதியோ அந்த நேரம் சரி.

வலி வந்தது நேற்று ராத்திரி 11 மணிக்கு. இப்போது காலை 10. இனிமேல் போய் என்ன பயன்?

நிச்சயம் பயன் உண்டு, இப்போதே கிளம்புங்கள். 12 மணி நேரத்துக்குள் என்றால் அடைப்பை உடனே திறப்பது இன்னும் விதிப்படியான சிகிச்சை. அதைத் தாண்டி 48 மணி நேரம்வரைகூடச் சூழ்நிலையைப் பார்த்துத் திறப்பார்கள். வலி தானாக நின்றுவிட்டது என்றாலும் போக வேண்டும். கட்டி விலகியதால் நின்றிருக்கலாம், அந்தப் பகுதித் தசை செத்துப்போனதாலும் நின்றிருக்கலாம், வீட்டில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. துடிப்புக் கோளாறு, இதயச் செயலிழப்பு போன்ற சிக்கல்கள் அடுத்த சில நாட்களில் வரக்கூடும், அவற்றுக்கும் சிகிச்சை இருக்கிறது.

போனதும் தொடக்க நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "இப்போதுதான் வந்தது" என்று சொல்லாதீர்கள், ஊசி போடுவதா, நேராகக் கேத் லேபுக்குக் கொண்டுபோவதா என்பதை டாக்டர் முடிவு செய்வதில் அந்த நேரத்துக்குப் பங்கு இருக்கிறது. விட்டு விட்டு வந்திருந்தால் முதலில் எப்போது வந்தது, நிற்காமல் வலிக்கத் தொடங்கியது எப்போது என்று இரண்டையும் சொல்லுங்கள்.